உயிருள்ள ஸ்பீக்கரை லோரியில் ஏற்றாதீர்கள்

ஜொகூர் பாருவின் தம்போய் தாமான்களில் பழைய பேப்பர் லோரி வருவதை வீட்டுக்குள் இருந்தே அறியலாம். ‘சூராட் காபார் லாமா’ என்று பதிவு செய்த குரல், கூரையில் கட்டிய ஹார்னிலிருந்து தெரு முழுக்கக் கேட்கும். வெயிலிலும் மழையிலும் நாளெல்லாம் கத்துகிற அந்த ஹார்ன் என்னவோ சளைப்பதே இல்லை. அதற்குக் கீழே, உடைந்த விசிறிக்கும் துருப்பிடித்த அடுப்புக்கும் நடுவே, ஒரு காலத்தில் வரவேற்பறையில் துணி போட்டு மூடிப் பாதுகாத்த ஜோடி ஸ்பீக்கர் கவிழ்ந்து கிடக்கும். காரணம் கேட்டால் ஒரே வரிதான்: ‘ஒரு பக்கம் வரல’, ‘உர்ர்னு சத்தம் போடுது’, ‘பழசாயிடுச்சு.’

அந்த ஜோடிகளில் பல இன்னும் சாகவில்லை. உள்ளே ஏதோ ஓர் உறுப்பு, பெரும்பாலும் சில ரிங்கிட்டுக்குள் அடங்குவது, ஓய்ந்துபோயிருக்கும். திரி கருகிவிட்டது என்று குத்துவிளக்கையே வீசுகிற வேலையைத்தான் நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

பேச்சு, சுவரில் நேராகச் செருகும் ஸ்பீக்கர்களைப் பற்றியது. கடைக்காரர்கள் பவர்டு ஸ்பீக்கர் என்பார்கள். தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டாம். டிவியையோ கணினியையோ கைப்பேசியையோ இணைத்தால் பாடும். ஒரு பெட்டிக்குள் ஆம்ப், பவர் சப்ளை, வால்யூம் எல்லாம் இருக்கும். மற்றது வெறும் ஸ்பீக்கர். ஒரு ஒயரின் தயவில் வாழும். வசதியும் அங்கேதான், வில்லங்கமும் அங்கேதான். கூம்பும் காந்தமும் மரப்பெட்டியும் ஒழுங்காக வைத்தால் முப்பது, நாற்பது ஆண்டு உழைக்கும். மின்சுற்றில் உள்ள சில உறுப்புகளுக்கோ பத்தாண்டே பெரிது. நீண்ட ஆயுளையும் குறுகிய ஆயுளையும் ஒரே பெட்டிக்குள் வைத்துத் திருகிவிட்டார்கள். சின்னது போனால் பெரியதும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் கூம்பு ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் 1925இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டே அது ரேடியோலா 104 என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதற்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருந்தது! ஆக, இந்த வடிவத்தில் விற்பனைக்கு வந்த முதல் ஸ்பீக்கரே கரண்டில் செருகும் ரகம். பிற்பாடு ஹை-ஃபை காலம் வந்து ஆம்பைத் தனிப் பெட்டியாக்கியது. கணினி வந்ததும் இரண்டும் மறுபடி ஒன்று சேர்ந்தன.

அந்தக் கணினிக் காலத்தின் பெரிய பெயர்களில் ஒன்று, ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம் பிறந்தது. சிம் வோங் ஹூவும் பள்ளித் தோழர் இங் காய் வாவும் 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்து கணினிக்குக் குரல் கொடுத்தது. பின்னர் அதன் ஸ்பீக்கர்களும் பாலம் கடந்து ஜொகூர் வீடுகளில் குடியேறின. சிங்கப்பூர்ச் சைனாடவுனில், பேர்ல்ஸ் சென்டரில் ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையாகத்தான் அந்த நிறுவனம் தொடங்கியது என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும்.

நம் ஊர்க் காற்றும் ஸ்பீக்கருக்கு எதிரி. ஆண்டு முழுக்கப் புழுக்கம், ஈரம். அதில் முதலில் அடிபடுவது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் இன்னமும் கண்டென்சர் என்றுதான் சொல்வார்கள். சிறிய அலுமினிய உருளை. உள்ளே ஈரமான ரசாயனம். மின்சாரத்தைத் தேக்கி, அலையடிக்காமல் சீராக அனுப்புவது அதன் வேலை. சூட்டில் அந்த ஈரம் மெல்ல மெல்ல வற்றும். வற்றினால் உறுமல், தடுமாற்றம், கடைசியில் மௌனம்.

எவ்வளவு நாளில் வற்றும் என்பதற்கு மின்னணுத் துறையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. 10 டிகிரி குறைந்தால் இரட்டிப்பு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று குறிக்கப்பட்ட கெப்பாசிட்டர், மூடிய பெட்டிக்குள் ஆம்பின் சூட்டுத் தகட்டுக்குப் பக்கத்தில் 65 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு முறை இரட்டித்தால் 32,000 மணி நேரம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. இரவும் பகலும் அணைக்காமல் விட்டால் அது மூன்றே முக்கால் ஆண்டுகூட இல்லை. நாளுக்கு 4 மணி நேரம் கேட்டுவிட்டு அணைத்தால் 8,000 நாள், அதாவது ஏறக்குறைய 22 ஆண்டு. விலை குறைக்க அதே 2,000 மணி நேரம் குறித்த 85 டிகிரி ரகத்தைப் போட்டிருந்தால் இதே சூட்டில் 8,000 மணி நேரம்தான். ஓயாமல் ஓடினால் ஓராண்டே எட்டாது. இந்தக் கெடு முடிந்த அன்றே பெட்டி நின்றுவிடாது, உண்மைதான். ஆனால் சத்தத்தின் தரம் இறங்கத் தொடங்குவது அங்கிருந்துதான்.

எனவே முதல் பழுதுபார்ப்புக்கு ஸ்க்ரூ டிரைவரே தேவையில்லை. மலேசிய வீடுகளில் ஒவ்வொரு பிளக்குக்கும் சுவரிலேயே சுவிட்ச் இருக்கிறது. பாட்டு முடிந்ததும் அதை அணைக்க வேண்டும். ஸ்பீக்கரின் முன்பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது என்றால், பல மாடல்களில் உள்ளே பாதிச் சுற்று விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. காற்றோட்டத்துக்குப் பின்னால் ஒரு சாண் இடமும் விட்டால், புதுக் கெப்பாசிட்டர் வாங்கும் நாள் பல ஆண்டு தள்ளிப்போகும்.

1999 முதல் 2007 வரையிலான காலத்தில் செய்த சாமான் என்றால் கூடுதல் சந்தேகம் நியாயமானது. தரமற்ற ரசாயனம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள், குறிப்பாகத் தைவான் தயாரிப்புகள், அப்போது உலகெங்கும் கணினி போர்டுகளுக்குள்ளும் பவர் சப்ளைகளுக்குள்ளும் போய், கூட்டம் கூட்டமாக வீங்கி வெடித்தன. உருளையின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால், அடியில் பழுப்புக் கசிவு தெரிந்தால், குற்றவாளி அதுவே. சில தயாரிப்பாளர்கள் உருளைகள் ஆடாமல் இருக்க ஊற்றிய மஞ்சள் பசையும் வில்லன்தான். சூட்டில் பழுப்பாகி, மின்சாரத்தையே கடத்தத் தொடங்கும். பக்கத்து உறுப்புகளின் கால்களை அரிக்கும்.

ஆனால் எதையும் திறப்பதற்கு முன், கேட்க வேண்டும். காதைவிட நல்ல கருவி வீட்டில் இல்லை.

உறுமலை எடுத்துக்கொள்வோம். ஸ்பீக்கருக்குப் போகும் எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டு, கரண்ட் மட்டும் கொடுத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். உறுமல் நின்றுவிட்டால் ஸ்பீக்கர் குற்றமற்றது. ஒயரோ, அந்தப் பக்கம் இருக்கும் கருவியோதான் காரணம். கணினியையும் டிவியையும் ஒரே ஜோடிக்கு இணைத்திருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். இரண்டின் எர்த் பாதைகளும் ஒரு வளையமாகச் சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினாலே பல வீடுகளில் அடங்கிவிடும். அடங்காவிட்டால், சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆடியோ ஐசலேட்டர் ஒன்றை ஒயருக்கு நடுவே போடலாம்.

ஒயர்களைப் பிடுங்கிய பிறகும் உறுமினால், அதன் சுருதியைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. அது நேராகப் புகுந்தால் 50 ஹெர்ட்ஸில் மிகத் தாழ்ந்த முனகலாகக் கேட்கும். பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் வற்றியிருந்தால் வருவது 100 ஹெர்ட்ஸ்: அதே ஸ்வரம், ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் கரகரப்போடு. தேவாரமோ கர்நாடக இசையோ பயின்று, தம்புராவுக்குப் பழகிய காதுக்கு இந்த வித்தியாசம் ஒரு விநாடி வேலை. கோயிலில் பாடுகிற அத்தையோ சித்தப்பாவோ வீட்டில் இருந்தால் மீட்டர் வாங்குவதற்கு முன் அவர்களைக் கூப்பிடலாம். சத்தம் கூம்பிலிருந்து வராமல் பெட்டியின் உடம்பிலிருந்து வந்தால் அது வேறு கதை: டிரான்ஸ்ஃபார்மர் அதிர்கிறது, திருகாணி தளர்ந்திருக்கிறது.

வால்யூமைத் திருப்பும்போது கரகர என்று வந்தால் அது எல்லாவற்றிலும் எளிய நோய். உள்ளே கரிப்பூச்சின் மேல் ஒரு சிறு கை உரசிக்கொண்டே ஓடுகிறது. அதில் தூசும் களிம்பும் ஏறிவிட்டன. கரண்டைப் பிடுங்கிவிட்டு, மின்னணுக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அந்தக் குமிழின் உடம்பில் உள்ள துளைக்குள் ஒரு சிறு பீச்சு பீச்சி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பலமுறை திருப்பி, நன்றாக உலரவிட்டால் போதும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே இதற்கு ஆகாது. அன்றைக்கு நன்றாயிருக்கும்; மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் அதிகத் தூசியைப் பிடித்துவைக்கும்.

ஒரு பக்கம் ஊமையா? இடதையும் வலதையும் மாற்றிச் செருகிப் பார்க்க வேண்டும். ஊமை இடம் மாறினால் ஒயரிலோ கைப்பேசியிலோ கோளாறு. மாறாவிட்டால் அந்தப் பெட்டியையோ அதன் ஆம்பையோ பார்க்க வேண்டும். மலிவு மல்டிமீட்டர் ஒன்று இருந்தால், கழற்றிய ஸ்பீக்கரின் இரு முனையிலும் வைத்து ஓம் அளக்கலாம். 4 ஓம் என்று எழுதியது 3 முதல் 3.5 வரை காட்டும். 8 ஓம் எழுதியது 6க்குப் பக்கத்தில் காட்டும். முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. சிறிய கூம்பான ட்வீட்டர் இப்படிச் சாவதற்கு, சின்ன ஆம்பைத் தீபாவளிக்கு முழு வால்யூமில் மணிக்கணக்காக அலறவிட்டதே காரணமாக இருக்கும். ஆனால் கம்பி அறுந்ததைவிட, ஒயர் செருகும் துளையின் சால்டரில் மயிரிழை விரிசல் விழுந்திருப்பதே அதிகம். சால்டரிங் அயர்னைத் தொட்டு எடுக்கும் நேரத்தில் அது சரியாகிவிடும்.

தம்போயிலும் லார்க்கினிலும் உள்ள தொழிற்பேட்டைகளை நினைத்தால் இந்த இடத்தில் ஒரு வியப்பு வரும். மின்னணுத் தொழிற்சாலை வரிசைகளில் ஷிஃப்ட் ஷிஃப்டாக உட்கார்ந்து, கண்ணுக்கே தெரியாத உறுப்புகளைப் போர்டில் பொருத்திய கைகள் ஜொகூர் முழுக்க வீடு வீடாக இருக்கின்றன. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தெரிந்த வேலைக்கு, பிள்ளைகள் ‘இதெல்லாம் ரிப்பேர் பண்ண முடியாது’ என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

இனி, பழைய ஸ்பீக்கரின் உண்மையான மூப்புக்கு வரலாம். கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையம் பல மாடல்களில் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. ஈரக் காற்று அந்த நுரையை ரசாயன முறையில் உடைக்கும். பத்துப் பதினைந்து ஆண்டில் அது பிசுபிசுத்து, விரல் பட்டால் பொடியாக உதிரும். பெரிய சத்தத்தில் பறபற என்று அடித்துக்கொள்ளும் ஸ்பீக்கரின் துணி மூடியைக் கழற்றினால் இதுதான் தெரியும். பார்ப்பவருக்கு எல்லாம் முடிந்துபோனதாகத் தோன்றும். நிஜத்தில் காந்தம், சுருள், கூம்பு மூன்றும் சேதமின்றி இருக்கும். இரு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக, மென்மையாக உள்ளே அழுத்திப் பார்த்து, உரசும் ஒலி இல்லையென்றால் காப்பாற்றிவிடலாம்.

புது வளையங்கள் ஜோடியாகவே விற்கின்றன, இணைய அங்காடிகளில் தேடினால் கிடைக்கும். ஸ்பீக்கர் அங்குலத்தை மட்டும் சொல்லி வாங்கினால் ஏமாற நேரிடும். வளையத்தின் உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பொறுமையாகச் சுரண்டி எடுப்பதுதான் பெரும் வேலை. முதலில் கூம்போடு ஒட்டி உலரவிட்டு, பிறகு சட்டத்தோடு ஒட்ட வேண்டும். அந்த இரண்டாவது ஒட்டலில்தான் சூட்சுமம். பசை இறுகும்முன், கைப்பேசியிலிருந்து 30 ஹெர்ட்ஸ் ஒலியைத் தணிவாக ஓடவிட்டால் கூம்பு மெல்ல மேலும் கீழும் ஆடும். சுருள் எங்கேயாவது உரசினால் அப்போதே காதில் விழும். விரலால் ஒரு நூல் நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவரலாம். ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். அவசரப்பட்டு அன்றிரவே பாட்டுப் போட்டவர்கள் வேலையை மறுபடி முதலிலிருந்து செய்வார்கள்.

ரப்பர் விளிம்பு உள்ள ஸ்பீக்கருக்கு இந்தத் தொல்லை இல்லை. பழைய சாமான் வாங்கும்போது இதை ஒன்றையாவது பார்த்து வாங்கினால் போதும்.

பல்லியைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்பீக்கரின் பின்புறக் குழாய் அதற்கு வெதுவெதுப்பான குடித்தனம். பவர் சப்ளையின் இரு முனைக்குக் குறுக்கே படுத்தால் ஃபியூஸும் போகும், அதுவும் போகும். கொசுவலைத் துணியை ஒரு வட்டமாக வெட்டிக் குழாயின் உட்புறம் ஒட்டினால் தீர்ந்தது. சத்தத்தில் மாற்றம் தெரியாது.

ஃபியூஸ் என்றதும் குரலை உயர்த்தித்தான் ஆக வேண்டியிருக்கிறது. போன ஃபியூஸுக்குப் பதில் அதே எண் உள்ளதையே போட வேண்டும். 3 ஆம்பியர் இருந்த பிளக்கில் 13 ஆம்பியரைச் செருகுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் வீட்டைக் கொளுத்தும் வழிகள். புது ஃபியூஸும் உடனே போனால் உள்ளே ஏதோ ஷார்ட் ஆகியிருக்கிறது. இன்னொன்று போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. நம் மூன்று துளைச் சாக்கெட்டில் எர்த் துளைக்குள் பேனாவையோ குச்சியையோ குத்தி, இரண்டு முள் பிளக்கைத் திணிக்கும் பழக்கமும் இங்கே சர்வசாதாரணம். எர்த் முள் நுழைந்தால்தான் மற்றத் துளைகளின் கதவு திறக்கும்படி அதை வடிவமைத்ததே பாதுகாப்புக்காக. அந்தக் கதவை ஏமாற்றுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

ஜப்பானின் பழைய சாமான் விற்கும் பண்டல் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அழகான ஸ்பீக்கர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். பின்பக்கத்தில் அந்த எண் மட்டும் இருந்தால், நம் 230 வோல்ட்டில் செருகிய கணத்தில் புகைதான் வரும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பண்டல் கடை வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணைப் படிக்கச் சொல்கிறோம்.

வீட்டு வேலைக்கு எல்லை எங்கே என்பதில் மழுப்பல் கூடாது. சுவர் மின்சாரம் நுழையும் பகுதி அந்த எல்லை. புதிய ரக பவர் சப்ளைகளில் 230 வோல்ட்டை நேரடியாக டிசியாக்கும்போது அது 325 வோல்ட்டைத் தொடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர் அதைத் தேக்கிவைத்திருக்கும். காணொளிகளில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் பட்டென்று ஷார்ட் செய்து காட்டுகிற வீரர்களைப் பின்பற்ற வேண்டாம். ரெசிஸ்டர் வழியாக மெதுவாக வடித்து, மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்துத் தொடுவதே முறை. அந்த முறை தெரியாதவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. தூசு, குமிழ், ஒயர், வளையம், ட்வீட்டர் எல்லாம் வீட்டு ஆட்களுடையது. பவர் சப்ளை, தொழில் தெரிந்தவருடையது. கெப்பாசிட்டர் மாற்ற அவரிடம் கொடுக்கும்போது 105 டிகிரி ரகம் வேண்டும் என்று சொல்வதில் தவறில்லை. மைக்ரோஃபாரட் அதேதான், வோல்ட் அதே அல்லது கூடுதல், கோடு போட்ட பக்கம் மைனஸ். இவ்வளவும் அவருக்குத் தெரிந்ததே என்றாலும், வாடிக்கையாளருக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

ஆம்ப் முழுதாக எரிந்துபோனால்கூட லோரியைக் கூப்பிடத் தேவையில்லை. இரண்டாவது பெட்டிக்குப் போகும் ஒயரில் இரண்டே கம்பி இருந்தால், ஒலியைப் பெரிய கூம்புக்கும் சின்னதுக்கும் பிரிக்கும் சுற்று அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். பழைய போர்டின் இணைப்பை எடுத்துவிட்டு, ஸ்பீக்கர் கம்பிகளை வெளியே கொண்டுவந்தால் அது சாதாரண ஸ்பீக்கராகிவிடும். அதை ஓட்ட, கைக்குள் அடங்கும் கிளாஸ்-டி ஆம்ப்கள் இப்போது கிடைக்கின்றன. டெக்சஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் டிபிஏ3116டி2 என்ற சிப் வைத்தவை இவற்றில் பிரபலம். அந்த ஒரு சிப், 21 வோல்ட்டில் பக்கத்துக்கு 50 வாட் வரை தரும். மடிக்கணினி அடாப்டர் போன்ற ஒன்று அதற்குப் போதும். நீண்ட ஆயுள் ஓரிடம், குறுகிய ஆயுள் இன்னோரிடம் என்று பிரித்தாகிவிட்டது. நாளை ஆம்ப் போனால் ஆம்பை மட்டும் மாற்றலாம். ஒயரில் நான்கு கம்பி இருந்தால் மட்டும் இந்த வழி சரிப்படாது. அவற்றில் ஒவ்வொரு கூம்புக்கும் தனி ஆம்ப் இருக்கும்.

மேம்படுத்துவது என்றாலே விலையுயர்ந்த ஒயர் வாங்குவது என்று ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. மூன்று மீட்டர் தூரத்துக்குத் தங்க முலாம் பூசிய ஒயரைவிட, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பது அதிகம் மாற்றும். நம் தெரஸ் வீடுகளின் வரவேற்பறை டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கண்ணாடிக் கதவு என்று முழுக்க எதிரொலி. ஒரு கம்பளமும் கனமான திரையும் போட்டால் பாடகரின் சொல் தெளியும். ட்வீட்டர், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு வர வேண்டும். டிவி மேசைக்குக் கீழே தரையில் வைத்தால் முழங்காலுக்குத்தான் கச்சேரி. பேஸ் அளவுக்கு மீறிக் குமுறினால் பின்புறக் குழாயில் அலசிய காலுறை ஒன்றைச் சுருட்டி வைக்கலாம். சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்யும். இரு பெட்டிகளின் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும்; ஒயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை நொடிநேரம் தொட்டுக் கூம்பு வெளியே தள்ளுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒட்டும் கருப்பு ரப்பர்ப் பூச்சுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். புளூடூத் இல்லாத பெட்டிக்கு ஒரு சிறு ரிசீவர். மின்னல் எஃப்எம்மோ ராகாவோ கைப்பேசி வழியாக அதில் ஒலிக்கும்.

வீட்டார் இவ்வளவு செய்யலாம். தயாரிப்பாளர்கள் என்ன செய்கிறார்கள்? இங்கேதான் கோபம் வர வேண்டும். பசையிட்டு ஒட்டிய பெட்டி, பெயர் சுரண்டப்பட்ட சிப், எங்குமே வெளியிடாத மின்சுற்றுப் படம். உதிரி கேட்டால், ‘மாடல் நின்றுபோச்சு’ என்ற பதில்.

மலேசியாவில் இதற்குச் சட்டம் இல்லை என்று நினைத்தால் அது தவறு. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பொருளை விற்ற பிறகு நியாயமான காலம் வரை பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் கிடைக்கத் தயாரிப்பாளரும் விற்பனையாளரும் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ரசீதில் எழுதாவிட்டாலும் இது உள்ளடங்கிய உத்தரவாதம். ஓட்டையும் இருக்கிறது: ‘உதிரி தரமாட்டோம்’ என்று விற்கும்போதே தெரியப்படுத்திவிட்டால் பொறுப்பு இல்லை. அப்படி எந்தக் கடையாவது வாயைத் திறந்து சொல்லி விற்கிறதா? 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைக் கேட்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். ஆனாலும் 37ஆம் பிரிவைச் சொல்லி ஸ்பீக்கருக்கு உதிரி கேட்ட பயனீட்டாளரைப் பற்றிக் கடைவீதியில் யாரும் பேசுவதில்லை. ‘நியாயமான காலம்’ எத்தனை ஆண்டு என்று சட்டம் எண்ணில் சொல்லாததே அதன் பலவீனம். நாடாளுமன்றம் அதற்கு ஓர் எண் எழுத வேண்டும். ஒலிச் சாதனங்களுக்குப் பத்தாண்டு என்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பட்டியலில் சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைப்பேசி எல்லாம் உண்டு, ஸ்பீக்கர் இல்லை. இந்தியா 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு தளம் திறந்தது. ஐநா அமைப்புகளின் 2024ஆம் ஆண்டு மின்கழிவு அறிக்கைப்படி, 2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு. மீதி எங்கே போகிறது என்பதற்கு நம் தெரு லோரியும் ஒரு பதில்.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்க அவசியமில்லை. ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா 2009இல் தொடங்கிய பழுதுபார்ப்புக் கூடத்தைப் போன்ற ஒன்று, சிங்கப்பூரில் 2014 முதல் ரிப்பேர் கோப்பித்தியாம் என்ற பெயரில் நடக்கிறது. பழுதான பொருளைக் கொண்டுவருபவர் கொடுத்துவிட்டுப் போக முடியாது. தன்னார்வலர் பக்கத்தில் உட்கார்ந்து தானே ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க வேண்டும். தம்போயில் ஒரு பாலாய் ராயாவிலோ கோயில் மண்டபத்திலோ மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இது நடக்கலாம். மேசைகள் சில, வெளிச்சம், சால்டரிங் அயர்ன் இரண்டு, மல்டிமீட்டர் நாலு, சோதனைக்கு, கசிவு வந்தால் துண்டித்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாக வரும் கரண்ட். தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒருவர், தொழிற்கல்லூரியில் படிக்கும் இருவர். பவர் சப்ளையை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்று வாசலிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

உதிரிக்கு வழி இருக்கிறது. கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பசார், பாலம் தாண்டினால் சிங்கப்பூரின் சிம் லிம் டவர், ஊருக்குப் போகிறவர்களுக்குச் சென்னையின் ரிச்சி தெரு. நடுவே இணைய அங்காடி. ஜொகூர் பாருவின் பசார் காராட்டில் இரவில் விரித்துவைக்கும் பழைய பெட்டிகளிலிருந்தே ட்வீட்டரும் குமிழும் கழற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் சுங்கை ரோடு பழஞ்சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டபோது, அப்படிக் கழற்றிக்கொள்ள இருந்த ஒரு பெரிய இடமும் போயிற்று.

புதிதாக வாங்கப் போகிறவர் கடையில் நாலு கேள்வி கேட்கலாம். விளிம்பு நுரையா, ரப்பரா? பெட்டியைத் திருகாணி பிடித்திருக்கிறதா, பசையா? ஃபியூஸ் வெளியிலிருந்தே மாற்றக்கூடியதா? பவர் சப்ளை உள்ளே இருக்கிறதா, தனி அடாப்டரா? கடைசிக் கேள்விக்குத் தனி அடாப்டர் என்று பதில் வந்தால், அந்த ஜோடிக்கு ஐம்பது ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. 325 வோல்ட் உள்ள பகுதி வெளியே வந்துவிட்டது. அது போனால் அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர், அதே முனை உள்ள இன்னொரு அடாப்டரைச் செருகலாம், பெட்டியைத் திறக்காமலே.